பொதுவழியின் உரிமை

சாலையை அமைத்தவன், இன்ன வண்டி செல்லலாம், இன்ன வண்டி நிற்கவேண்டும் என்று தன் விருப்பப்படி ஆணையிடலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இணையத்தைக் குறித்து எழுந்த வழக்கின் சாரம் இதுவே என்று கருதுகிறேன்.

2003-ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்செஸ்னி முதலிய மூவர் ‘ஃப்ரீ பிரஸ்’ என்னும் சங்கத்தை நிறுவினர். செய்தித்துறை சிலர் கையில் ஒடுங்கலாகாது; இணையம் யாவர்க்கும் ஒப்ப நடத்தல் வேண்டும் என்பன அதன் கொள்கைகள்.

2007-இல் காம்காஸ்ட் என்னும் இணைய நிறுவனம், சந்தாதாரர் ‘பிட்டாரண்ட்’ முறையில் கோப்புகளைப் பகிர்வதை மறைவாகத் தடுத்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சோதனைக்காகப் பகிர முயன்றது விவிலிய நூலை. அதற்கும் தடை நேர்ந்தது! ஃப்ரீ பிரஸ் தகவல் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டது. 2008-இல் ஆணையம் காம்காஸ்டின் செயலைக் கண்டித்து ஆணை பிறப்பித்தது. 2010-இல் நீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. தடுத்தது நியாயமென்று அது கூறவில்லை. தலையிடும் அதிகாரத்தை ஆணையத்திற்குச் சட்டம் அளிக்கவில்லை என்றே கூறியது.

2015-இல் ஆணையம் இணையத்தைத் தொலைபேசி போன்ற பொதுச் சேவையாக வகுத்து விதி செய்தது. ஆட்சி மாறியபின் 2017-இல் அவ்விதி நீங்கியது, 2024-இல் மீண்டது, 2025 ஜனவரியில், சட்டம் அவ்வகுப்புக்கு இடந்தரவில்லை என்று கூறி நீதிமன்றம் அதனைத் தள்ளியது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? அதிகாரிகள் வகுக்கும் விதி ஆட்சியோடு மாறும். மக்களின் பிரதிநிதிகள் தெளிவாக இயற்றும் சட்டமே உரிமைக்கு உறுதியான அடித்தளம். அதனைக் கேட்டுப் பெறுவது குடிமக்களின் கடமை.