திருவண்ணாமலைக் கோயில் கணக்கு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் சொத்தையும் வரவு செலவையும் பதிந்துவரும் முறை. சோழர் காலக் கல்வெட்டில் தொடங்கி, இந்து சமய அறநிலையத் துறையின் கணினி ரசீது வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நீண்டு கிடக்கிறது. கோயில் தணிக்கை அதிகாரி இன்று தேடும் இரண்டு விஷயங்களை, அதாவது முதல் குறையாமல் இருக்கிறதா, கொடுத்தவர் சொன்ன காரியத்துக்கே பணம் போனதா என்பவற்றை, அந்தக் கல்வெட்டுகளும் விடாமல் கேட்கின்றன.

இக்கோயிலில் சோழர் முதல் விஜயநகர, நாயக்கர் காலம் வரையிலான நூற்றுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-இல் அவற்றைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது. மன்னர் புகழைத் தள்ளிவிட்டுப் படித்தால், எஞ்சுவதில் பெரும்பகுதி கொடைப் பத்திரம்: யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காக, யார் பொறுப்பு.

சோழநாட்டுக் கோயில்களில் விளக்குக் கொடை நடந்த விதம் இதற்கு நல்ல சான்று. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் விடுவது வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று ஈடு வகுத்திருந்தார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு, அதாவது கால் நாழி நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும், குட்டியும் போடும். அந்தக் கூட்டல் கழித்தல் இடையர் பாடு. கோயில் ஏட்டில் 96 என்றும் 96-தான். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு அதைச் சொல்கிறது. முதலைத் தொடாமல் விளைவை மட்டும் செலவழி என்ற விதிக்கு இதைவிடச் சுருக்கமான வாசகம் எந்தக் கணக்குப் பாடநூலிலும் இல்லை. தேய்மானம் யார் தலையில் விழும் என்பதையும் அதே மூன்று சொல்லே முடிவு செய்துவிடுகிறது.

பணமாக வந்த கொடைக்கும் இதே நெறிதான். தஞ்சையில் ராசராசன் காலத்தில் கோயில் பணத்தை ஊர்ச் சபைகள் வாங்கிக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின; இன்றைய கணக்கில் 12.5 விழுக்காடு. முதலைத் திருப்பிக் கேட்பது நோக்கமே அல்ல. வட்டி மட்டும் வந்துகொண்டிருந்தால் போதும்.

உடைமை யாருடையது என்பதிலும் தெளிவு இருந்தது. நிலம் வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் சண்டேசுவரர் என்ற தெய்வத்தின் பெயரில் நடந்தன. அர்ச்சகர் பெயரிலோ அதிகாரி பெயரிலோ அல்ல. பிளஸ் ஒன் மாணவர் ‘வணிகத் தனித்தன்மை’ என்று படிக்கும் கருத்து, அதாவது வணிகம் வேறு, உரிமையாளர் வேறு என்பது, இதற்கு வெகு அருகில் நிற்கிறது. கோயில் மூர்த்தி சட்டப்படி சொத்து வைத்திருக்கத் தக்க நபரே என்பதை 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் ஒரு வங்காள வழக்கில் உறுதி செய்தது.

இதை வைத்து இரட்டைப் பதிவு முறையும் நம்மிடம் அப்போதே இருந்தது என்று சிலர் பெருமை பேசுவதுண்டு. கல்வெட்டுகள் அதற்கு இடம் தரவில்லை. ஒவ்வொரு நடவடிக்கையையும் பற்றாகவும் வரவாகவும் இரு இடத்தில் எழுதும் முறையை லூக்கா பச்சோலி 1494-இல் வெனிசில் அச்சிட்ட நூலில் விளக்கினார். கோயிலுக்கு லாப நட்டம் பார்க்கும் தேவை இல்லை. ஒற்றைப் பதிவே போதுமாக இருந்தது. கல்லில் நிலைத்தவை கொடையின் நிபந்தனைகள் மட்டுமே. அன்றாட வரவு செலவு எழுதிய ஓலைகள் செல்லரித்துப் போயின. ஆகவே நம் கையில் இருப்பவை ஆவணங்கள், பேரேடு இல்லை.

பேரேட்டுக்கு வணிகரிடம்தான் போக வேண்டும். இக்கோயிலில் திருப்பணி செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார், பர்மா, மலேயா, இலங்கை வரை வட்டிக்கடை நடத்தியவர்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர் எல்லாருமே கணக்கு எழுதித்தான் தொழில் கற்றார்கள். அன்றன்று குறிப்பில் ஏற்றி, பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்து, முடிவில் ஐந்தொகை எடுப்பார்கள். கோயிலுக்கென ஒதுக்கிய மகமையும் சாமி பெயரில் தனிக் கணக்காக ஓடும். சாமிக்கும் வட்டி ஏறும். கணக்கு முழுக்கத் தமிழ்ப் பின்னத்தில்: அரைக்கால், மாகாணி, முந்திரி (320-இல் ஒரு பங்கு). ரூபாய்க்கு 16 அணா என்பதால் ஓர் அணா சரியாக மாகாணி ரூபாய். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்ததும் அந்த வாய்பாடு வேலையற்றுப் போயிற்று.

கோயில் கணக்கு அரசின் கைக்குப் போனது 1817-இல். சென்னை மாகாணத்தின் ஏழாம் ஒழுங்குமுறை, அறக்கொடைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863 சட்டத்தால் அரசு ஒதுங்கிக்கொண்டது. 1920-களில் அறநிலைய வாரியமும், 1951-இல் அரசுத் துறையும் வந்தன. இப்போது நடப்பிலுள்ளது 1959-ஆம் ஆண்டின் 22-ஆம் சட்டம். வரவு செலவுத் திட்டமும் ஆண்டுத் தணிக்கையும் அதன்படி கட்டாயம். பழைய விளக்குக் கொடையின் இடத்தில் இன்று கட்டளையும், அன்னதானத்துக்கான வங்கி வைப்புத்தொகையும் உள்ளன. வட்டி மட்டுமே அடுப்புக்குப் போகும்.

உண்டியல் தனி ரகம். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலைந்த பிறகு, அதிகாரிகள் முன்னிலையில் முத்திரை பார்த்து உண்டியல்களைத் திறந்து, பாயில் கொட்டுகிறார்கள். கோயில் ஊழியரும் தன்னார்வலரும் வரிசையாக உட்கார்ந்து, கசங்கிய நோட்டை நீவிக் கட்டாக்கி, சில்லறையைப் பிரிக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் ஒருபுறம். பொன்னும் வெள்ளியும் தராசுக்குப் போய் எடையாக ஏட்டில் ஏறும். காணிக்கை போட்ட நாள் எதுவென்று யாருக்கும் தெரியாது. எண்ணிய நாளே வரவு நாள். அதுவரை அந்தப் பணம் எந்த ஏட்டிலும் இல்லை. பூட்டும் முத்திரையும் சாட்சிகளும் இத்தனை கெடுபிடியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

கார்த்திகை தீபத்துக்கான நெய்க் காணிக்கை இதற்கு நேர் எதிர். 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்ற ஆயிரக்கணக்கான கிலோ நெய் தேவைப்படுகிறது. பணம் கட்டியவருக்கு உடனே ரசீது. ஆருத்ரா தரிசனத்துக்குப் பின் அந்த ரசீதைக் காட்டித் தீப மை வாங்கிக்கொள்ளலாம். வாங்கிய காரியம் எது என்பது ரசீதிலேயே இருப்பதால் தணிக்கைக்குச் சுலபம்.

சிக்கல் வாடகையிலும் குத்தகையிலும் இருக்கிறது. இவற்றைக் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டமாக எழுதுவார்கள். பணம் வராவிட்டாலும் கேட்பு ஏறிவிடும். கோயிலின் ஆண்டு பசலி: ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது, 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. அறுவடையை ஒட்டி முகலாயர் வகுத்த இந்த ஆண்டை, சென்னை மாகாணம் 1855-இல் ஜூலை 1-க்குக் கொண்டுவந்தது. கோயில் கடையை வாடகைக்கு எடுத்து மாட வீதியில் வியாபாரம் செய்பவரோ வருமான வரிக்காக மார்ச் 31-இல் கணக்கு முடிக்கிறார். ஆகவே அவர் ஏட்டின் ஆண்டு வாடகையும் கோயில் பதிவேட்டின் ஆண்டுக் கேட்பும் ஒரே பன்னிரண்டு மாதத்தைக் குறிப்பதில்லை. நிலுவைத் தகராறு வந்தால், வாடகை உயர்ந்த மாதம் எது என்று பார்த்து, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தைத் தனியே பிரித்து ஒப்பிட்டால்தான் இரண்டும் நேராகும்.