அமெரிக்கப் பள்ளி மாணவரிடையே கஞ்சாப் பழக்கமும் பெற்றோர் இயக்கமும்

1970களின் பிற்பகுதியில், உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே கஞ்சாப் பழக்கம் பரவியதைக் கண்டு கவலையுற்ற அமெரிக்கப் பெற்றோர்கள் ஊர்தோறும் குழுக்களை அமைத்தனர். வரலாற்றாசிரியர்கள் இதனைப் பெற்றோர் இயக்கம் என்று குறிப்பிடுகின்றனர். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் ஒரு வீட்டின் கூடத்தில் தொடங்கிய இம்முயற்சி, நான்கைந்து ஆண்டுகளில் வெள்ளை மாளிகை வரை எட்டி, நாட்டின் போதைப்பொருள் கொள்கையையே திருப்பிவிட்டது. பெற்றோரின் கவலை எங்கே நற்பயன் தந்தது, எங்கே தன் நோக்கத்தைவிட்டு விலகியது என்பதற்கு இதன் வரலாறு ஒரு சான்றாகும்.

பின்னணி

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1937ஆம் ஆண்டின் வரிச் சட்டத்தின் வழியே கஞ்சாவை முதன்முதலாகக் கட்டுப்படுத்தியது. 1950களில் தண்டனைகள் கடுமையாயின. 1960களில் கல்லூரி வளாகங்களில் கஞ்சா பரவலானபோது, நடுத்தர வகுப்பு இளைஞர் பலர் சிறை செல்ல நேர்ந்தது. அதனால் சட்டத்தின் கடுமையைக் குறைக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது.

1970ஆம் ஆண்டின் புதிய சட்டம் கஞ்சாவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்தது. ஆயினும், அதே சட்டத்தின்படி அமைந்த தேசியக் குழு, சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று 1972இல் பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் நிக்சன் அதனை ஏற்கவில்லை. ஆனால் மாநிலங்கள் தம் வழியில் சென்றன. 1973இல் ஓரிகன் மாநிலம் சிறைத் தண்டனையை நீக்கி அபராதம் மட்டும் விதித்தது. 1978க்குள் பதினோரு மாநிலங்கள் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதற்கான தண்டனையைத் தளர்த்தியிருந்தன. ஓர் அவுன்ஸ் வரை கஞ்சா வைத்திருப்பதற்குரிய கூட்டாட்சிக் குற்றத் தண்டனையை நீக்குமாறு 1977 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கார்ட்டரே நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார்.

இந்த விவாதம் முழுவதும் வயது வந்தோரின் உரிமையைச் சுற்றியே நடந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் புகைக்கத் தொடங்கிவிட்டனர் என்பதை இரு தரப்பினரும் போதிய அளவு கவனிக்கவில்லை. பெற்றோர் இயக்கம் பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

அட்லாண்டாவில் ஒரு பிறந்தநாள் விருந்து

1976 ஆகஸ்டில், அட்லாண்டாவில் வாழ்ந்த கீத் ஷூச்சார்ட், ரான் ஷூச்சார்ட் தம்பதியர் தம் மகளின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் விருந்து வைத்தனர். கணவர் எமரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மனைவி ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இருவரும் தாராளவாத நோக்குடையவர்கள். விருந்துக்கு வந்த பிள்ளைகளின் நடையும் பேச்சும் இயல்பாக இல்லை. இருட்டில் சிறு சிறு தீப்பொறிகள் தெரிந்தன. பிள்ளைகள் கலைந்த பிறகு, நள்ளிரவில் கைவிளக்குடன் புல்தரையைத் தேடிய பெற்றோருக்குக் கஞ்சாச் சுருட்டுத் துண்டுகளும் மதுப் புட்டிகளும் கிடைத்தன.

அடுத்த சில நாள்களில் அவர்கள் செய்ததுதான் முக்கியமானது. காவல்துறையை அழைக்கவில்லை. விருந்துக்கு வந்த பிள்ளைகளின் பெற்றோரைத் தம் வீட்டுக்கு அழைத்தனர். சிலர் தம் பிள்ளை அப்படிச் செய்யாது என்றனர். சிலர் வேறு வீட்டுப் பிள்ளைகளைக் குறை கூறினர். ஆனால் பேசப் பேச, ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சாக்கு சொல்லப்பட்டு வந்தது தெரிந்தது: 'மற்ற வீடுகளில் எல்லாம் அனுமதிக்கிறார்களே!' பெற்றோர் ஒருவரோடு ஒருவர் பேசாததே அந்தச் சாக்குக்கு வலிமை தந்திருந்தது.

எனவே அவர்கள் பொதுவான விதிகளை வகுத்தனர். மாலையில் வீடு திரும்ப ஒரே நேரம், பெரியவர் இல்லாத வீட்டில் விருந்துக்குத் தடை, பிள்ளை எங்கே போகிறது என்பதைப் பெற்றோர் தமக்குள் விசாரித்துக்கொள்வது என்பன அவற்றுள் சில. தம் குழுவுக்குப் 'பிறர் காரியத்தில் மூக்கை நுழைக்கும் பெற்றோர் சங்கம்' என்ற பொருளில் வேடிக்கையாக ஒரு பெயரையும் சூட்டிக்கொண்டனர்.

கடைகளில் விற்ற கருவிகள்

அதே பகுதியில் சூ ரூஷ் என்பவர் வேறொரு சிக்கலைக் கண்டார். பாட்டுத்தட்டுக் கடைகளிலும் பல்பொருள் கடைகளிலும் கஞ்சா புகைப்பதற்கான குழாய்களும் சுருட்டுத் தாள்களும் வெளிப்படையாக விற்கப்பட்டன. சில, விளையாட்டுப் பொருள்களின் வடிவிலேயே செய்யப்பட்டிருந்தன. கஞ்சா விற்பது குற்றம். அதைப் புகைக்கும் கருவியைச் சிறுவருக்கு விற்பது குற்றமில்லை என்ற நிலை அப்போது இருந்தது.

1977இல் அவர் தொடங்கிய குழு இதை எதிர்த்து மாநிலச் சட்டமன்றத்தை அணுகியது. 1978இல் ஜார்ஜியா மாநிலம் இத்தகைய கருவிகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியது. பின்னர் பல மாநிலங்களும் ஊராட்சிகளும் அதே வழியில் சென்றன. இல்லினாய் மாநிலத்தின் ஒரு சிற்றூர் கொண்டுவந்த இத்தகைய விதி, 1982இல் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது.

ஒரு கையேடும் அதன் விளைவும்

கீத் ஷூச்சார்ட் தம் அனுபவத்தைத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ராபர்ட் டூபான்டுக்குக் கடிதமாக எழுதினார். டூபான்ட் முன்னர் கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்துவதை ஆதரித்தவர். அவர் அட்லாண்டாவுக்கு நேரில் சென்று பெற்றோரைச் சந்தித்தார். அவர்கள் வேலையைக் கண்டு வியந்து, அதை நூலாக எழுதித் தருமாறு ஷூச்சார்டையே கேட்டுக்கொண்டார். பின்னாளில் தம் பழைய நிலைப்பாட்டையும் மாற்றிக்கொண்டார்.

மார்ஷா மனாட் என்ற அவருடைய இயற்பெயரில், 'பெற்றோர், தோழர், கஞ்சா' என்று பொருள்படும் தலைப்பில் அக்கையேடு 1979இல் வெளிவந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் மக்களிடம் சென்றன. அதன் பின் நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஊர்களில் குழுக்கள் தோன்றின. 1980இல் அவை ஒரு தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன.

இதற்கிடையே, கார்ட்டரின் போதைப்பொருள் ஆலோசகர் பீட்டர் போர்ன், தம் அலுவலக உதவியாளர் ஒருவருக்குப் பொய்ப் பெயரில் தூக்க மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தது வெளிப்பட்டு, 1978 ஜூலையில் பதவி விலகினார். சட்டத் தளர்வை ஆதரித்தவர்களுக்கு இது பெரும் பின்னடைவாயிற்று. 1978க்குப் பின் அந்த நூற்றாண்டின் இறுதிவரை வேறெந்த மாநிலமும் புதிதாகத் தண்டனையைத் தளர்த்தவில்லை.

புள்ளிவிவரங்கள் காட்டுவது

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1975 முதல் ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் ஆய்வு நடத்திவருகிறது. அதன்படி, 1978இல் ஏறத்தாழ ஒன்பது மாணவரில் ஒருவர் நாள்தோறும் அல்லது அதற்கு நெருக்கமான அளவில் கஞ்சா புகைத்தனர். 1979இல் மாணவருள் 51 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய ஓராண்டில் ஒருமுறையேனும் பயன்படுத்தியிருந்தனர். 1992இல் இது 22 விழுக்காடாகக் குறைந்தது. நாள்தோறும் புகைப்போர் 2 விழுக்காட்டுக்கும் கீழே சென்றனர்.

இந்த வீழ்ச்சி, அரசின் பெரிய பரப்புரைகள் தொடங்கும் முன்பே தொடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. மாணவரின் கருத்து மாறியதே முதன்மைக் காரணம் என்று அவ்வாய்வாளர்கள் கருதினர். தொடர்ந்து கஞ்சா புகைப்பது பெருந்தீங்கு என்று 1978இல் மூவரில் ஒருவரே எண்ணினர். 1990களின் தொடக்கத்தில் ஐவரில் நால்வர் அவ்வாறு எண்ணினர். கஞ்சா கிடைப்பது அரிதாகவில்லை. எளிதாகக் கிடைக்கும் என்றே பெரும்பாலான மாணவர் தொடர்ந்து கூறிவந்தனர். ஆகவே பொருள் கிடைக்காமல் போனதால் அல்ல, அதைப் பற்றிய எண்ணம் மாறியதால்தான் பழக்கம் குறைந்தது என்று அவர்கள் விளக்கினர். இம்மாற்றத்தில் பெற்றோர் குழுக்களின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரித்து அளப்பது எளிதன்று.

வெள்ளை மாளிகையும் அச்சத்தின் விலையும்

1981இல் ரீகன் பதவியேற்ற பின், அவருடைய மனைவி நான்சி ரீகன் இவ்வியக்கத்தின் முகமானார். 'வேண்டாம் என்று சொல்' என்னும் அவரது முழக்கம் பள்ளிதோறும் ஒலித்தது. 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் காவலர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தும் திட்டம் தொடங்கி நாடெங்கும் பரவியது. ஆனால் அதனால் மாணவரின் போதைப் பழக்கம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 1990களில் வந்த மதிப்பாய்வுகள் காட்டின.

மேலிருந்து வந்த முழக்கம் வலுத்தபோது, கீழே இருந்த சிறு குழுக்கள் மெலிந்தன. பெற்றோர் கூடிப் பேசுவதற்குப் பதிலாக, தண்டனையே மருந்து என்னும் எண்ணம் ஓங்கியது. 1986ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயக் குறைந்தபட்சச் சிறைத் தண்டனைகளைக் கொண்டுவந்தது. கிராக் கொக்கெய்ன் 5 கிராம் வைத்திருந்து விற்க முனைந்தவருக்கும், தூள் கொக்கெய்ன் 500 கிராம் விற்க முனைந்தவருக்கும் ஒரே ஐந்தாண்டுச் சிறை என்ற ஏற்றத்தாழ்வு அதில் இருந்தது. இதன் சுமை பெரிதும் கறுப்பின மக்கள் மீதே விழுந்தது. புறநகர் நடுத்தர வகுப்பு வெள்ளையர் வீடுகளில் பிறந்த கவலை, வேறு வீட்டுப் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பும் சட்டங்களுக்குத் துணைபோயிற்று.

பெற்றோரின் அச்சத்தை நம்பிப் பிழைத்த தனியார் 'திருத்த' மையங்களும் பெருகின. அவற்றுள் சிலவற்றில் பிள்ளைகள் அடைத்துவைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர் என்பது பின்னர் வழக்குகளில் வெளிவந்தது. பிள்ளையைக் காப்பதாக எண்ணியே பெற்றோர் அங்கு அனுப்பியிருந்தனர்.

பள்ளியில் சிறுநீர்ச் சோதனை

ஓரிகன் மாநிலத்தின் வெர்னோனியா என்னும் சிற்றூரில், விளையாட்டு வீரர்களான மாணவருக்குச் சிறுநீர்ச் சோதனை செய்யும் விதியைப் பள்ளி நிர்வாகம் 1989இல் கொண்டுவந்தது. கூட்டத்துக்கு வந்த பெற்றோர் அனைவரும் அதை ஆதரித்தனர். ஆனால் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெற்றோர், ஐயத்துக்கு இடமே இல்லாத பிள்ளையை ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்டு ஒப்புதல் தர மறுத்தனர். 1995இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் பள்ளிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2002இல், ஓக்லஹோமா மாநிலத்து வழக்கொன்றில், பாடத்துக்குப் புறம்பான எல்லாப் போட்டிச் செயற்பாடுகளிலும் பங்குபெறும் மாணவரைச் சோதிக்கலாம் என்று 5–4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

மறுத்த பெற்றோரும் கவலையுற்ற பெற்றோரே. பிள்ளை போதைக்கு ஆளாகிவிடுமோ என்பது ஒரு கவலை. குற்றவாளிபோல் நடத்தப்படுமோ என்பது மற்றொன்று. சோதனை செய்யும் பள்ளிகளுக்கும் செய்யாத பள்ளிகளுக்கும் இடையே போதைப் பழக்கத்தில் வேறுபாடு காணப்படவில்லை என்று 2003இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

சட்டபூர்வ விற்பனையின் காலம்

1996இல் கலிபோர்னியா மருத்துவப் பயன்பாட்டுக்குக் கஞ்சாவை அனுமதித்தது. 2012இல் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களின் வாக்காளர்கள் 21 வயது நிரம்பியோர் பயன்படுத்துவதைச் சட்டபூர்வமாக்கினர். அதனால் மாணவரிடையே பழக்கம் பெருமளவில் உயரும் என்று பெற்றோர் பலர் அஞ்சினர். பெரும்பாலான ஆய்வுகள் அத்தகைய பேருயர்வைக் காணவில்லை.

எனினும் கவலையின் வடிவம் மாறியுள்ளது. கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டிஎச்சியின் அளவு 1990களின் நடுவில் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்தது; இன்று அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் உள்ளது. செறிவூட்டிய எண்ணெய்களும் தின்பண்டங்களும் வந்துவிட்டன. மணமில்லாத மின் ஆவிக் குழாயை வீட்டில் எளிதில் கண்டுபிடிக்க முடிவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவருள், கடந்த மாதத்தில் ஆவிக் குழாய் வழியே கஞ்சா உட்கொண்டோர் 2018இல் 7.5 விழுக்காடு, 2019இல் அது 14 விழுக்காடு. அதே ஆண்டு, பெரும்பாலும் கள்ளச் சந்தைக் குழாய்களோடு தொடர்புடைய நுரையீரல் பாதிப்பு நாடெங்கும் பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர்.

மூளையின் வளர்ச்சி இருபத்தைந்து வயது வரை தொடர்கிறது என்பதால், இளம் வயதில் தொடர்ந்து கஞ்சா உட்கொள்வது நினைவாற்றலையும் கவனத்தையும் பாதிக்கிறது. தொடங்கும் வயது குறையக் குறைய அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது.

மதிப்பீடு

பெற்றோர் இயக்கத்தைச் சிலர் வெற்றியாகவும் சிலர் அடக்குமுறையின் தொடக்கமாகவும் எழுதுகின்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. வளர்ந்தோருக்கான உரிமைப் பேச்சில் பிள்ளைகள் மறக்கப்பட்டதை முதலில் கண்டவர்கள் பெற்றோரே. அவர்கள் முதலில் கையாண்ட வழி, அடுத்த வீட்டுப் பெற்றோருடன் பேசிப் பொதுவான விதி வகுப்பது. சட்டமும் சிறையும் பின்னர் வந்தவை. பள்ளியும் காவலும் நீதிமன்றமும் அந்த வேலையை ஏற்றுக்கொண்டபோது, பெற்றோர் பேசிக்கொள்வது குறைந்தது. ஆவிக் குழாய்களின் காலத்திலும் 'மற்ற வீடுகளில் அனுமதிக்கிறார்கள்' என்ற சாக்கு மாறவில்லை. 1976இல் ஒரு வீட்டுக் கூடத்தில் அதற்குக் கிடைத்த விடையும் பழையதாகிவிடவில்லை.