எட்டணா டிக்கெட்டும் இலவசக் குடையும்

துடியலூரில் பஸ் ஏறிக் காந்திபுரத்தில் இறங்கினால், கோவை மத்திய சிறை நடந்து போகிற தூரம்தான். அதன் உள்ளே ஒரு செக்கு இருக்கிறது. கடலே இல்லாத நம் ஊருக்கும் தூத்துக்குடிக் கப்பலுக்கும் உள்ள உறவு அது.

தூத்துக்குடி - கொழும்புத் தடத்தில் ஆதிக்கம் செலுத்தியது வெள்ளைக்காரர்களின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி. அதற்கு எதிராக வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகள் வாங்கினார்.

முதலில் வாடகைக் கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனி மிரட்டியதும் கப்பல்காரர்கள் பின்வாங்கினார்கள். வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்தார். 1907இல் 'காலியா', 'லாவோ' என இரண்டு கப்பல்கள் சொந்தமாகவே வந்துவிட்டன. காலியாவில் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம்; சரக்கு 4,000 மூட்டை.

பிறகுதான் கட்டணச் சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறங்கியது. சுதேசி எட்டணா என்றது. உடனே அவர்கள் டிக்கெட்டே வேண்டாம், சும்மா வாருங்கள், ஆளுக்கொரு குடையும் தருகிறோம் என்றார்கள். அந்தக் குடையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பர்மா, கிழக்கு ஆப்பிரிக்கா என்று பல தடங்களில் சம்பாதிக்கிறவனுக்கு இங்கே விழும் நஷ்டம் கைச்செலவு. சுதேசிக்கோ அந்த எட்டணாவில்தான் நிலக்கரி வாங்க வேண்டும், மாலுமிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பங்குதாரருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதிகாரிகளும் எதிராளி பக்கமே நின்றார்கள்.

1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அடுத்த இரண்டே நாளில் வ.உ.சி. கோவைச் சிறைக்கு வந்து சேர்ந்தார்.

செக்கு ஆட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எள்ளு நசுங்கிப் புண்ணாக்கு இறுகும்போது மாடே முக்கும். அந்த மாட்டின் இடத்தில் வக்கீலான வ.உ.சி.யைப் பூட்டினார்கள். பெரியபுராணத்துக்கு உரை கண்ட கோவை வக்கீல் சி.கே.சுப்பிரமணிய முதலியார் சிறைக்கு வந்து பார்த்து, வேண்டிய உதவிகள் செய்தார். நம் ஊர் செய்த நல்லது அது ஒன்றாவது இருக்கிறதே என்று ஆறுதல்.

தலைவன் இல்லாத கம்பெனி 1911இல் கலைக்கப்பட்டது. அப்போது அவர் கோவையிலிருந்து மாற்றப்பட்டுக் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். தண்டனை குறைக்கப்பட்டு 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது, தூத்துக்குடித் துறைமுகத்தில் அவருக்கென்று ஒரு கப்பலும் இல்லை.