நாலு பிராசசர், ஒரே பூட்டு

போன மாதம் எங்கள் ஆபீஸ் ஃபைல் சர்வர் தவழ ஆரம்பித்தது. டிஸ்க் சும்மா இருக்கிறது, நெட்வொர்க்கிலும் நெரிசல் இல்லை. தேடித் தேடிப் பார்த்தால், எட்டு கோரில் ஒன்று மட்டும் மூச்சு முட்ட ஓடுகிறது, மற்ற ஏழும் வேடிக்கை பார்க்கின்றன. நெட்வொர்க் கார்டு எழுப்பும் இன்டரப்ட் எல்லாம் அந்த ஒன்றின் தலையில்தான் விழுந்துகொண்டிருந்தன. அவற்றை நாலு கோருக்குப் பிரித்துக் கொடுத்தேன், சரியாகிவிட்டது.

இதே விஷயத்துக்காக 1999-ல் ஒரு பெரிய சண்டை நடந்தது. அதைப் பற்றி நான் இத்தனை வருஷமாகத் தப்பாகப் பேசி வந்திருக்கிறேன்.

அந்த ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. விண்டோஸ் என்.டி. 4.0, லினக்ஸைவிட ஃபைல் சர்வராக 2.5 மடங்கும், வெப் சர்வராக 3.7 மடங்கும் வேகம் என்றது. இயந்திரம் டெல் பவர்எட்ஜ் 6300: 400 மெகாஹெர்ட்ஸ் ஜியான் பிராசசர் நாலு, 100 மெகாபிட் நெட்வொர்க் கார்டு நாலு. சோதனைக்குக் காசு கொடுத்தது மைக்ரோசாஃப்ட்.

கேட்கவா வேண்டும்? லினக்ஸ் ஆட்கள் கொதித்துப் போனார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என்.டி.யில் ஒரு பிராசசருக்கு ஒரு கார்டு என்று கட்டிப்போட்டுப் பக்குவமாக ட்யூன் செய்திருந்தார்கள். லினக்ஸ் பக்கம், சாம்பாவில் 'வைட் லிங்க்ஸ்' அமைப்பை அணைத்து வைத்திருந்தார்கள். அதை அணைத்தால், கேட்கும் ஒவ்வொரு கோப்பும் பகிர்ந்த ஃபோல்டருக்கு உள்ளேதான் இருக்கிறதா என்று சாம்பா ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கும். பாதுகாப்புக்கு நல்லது, வேகத்துக்குக் கெடுதல்.

'காசு கொடுத்து வாங்கின பொய்' என்று நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜூனில் மறுசோதனை நடந்தது. இந்தத் தடவை ரெட் ஹாட் ஆட்களே வந்து லினக்ஸை ட்யூன் செய்தார்கள். இடைவெளி குறைந்தது. ஆனாலும் ஜெயித்தது என்.டி.தான்!

காரணம் எந்த கான்ஃபிக் ஃபைலிலும் இல்லை, கெர்னலுக்குள் இருந்தது. லினக்ஸ் 2.2-ல் நெட்வொர்க் பகுதி முழுவதற்கும் ஏறக்குறைய ஒரே பெரிய பூட்டு. ஒரு பிராசசர் உள்ளே போனால் மற்ற மூன்றும் வாசலில் நிற்க வேண்டும். ஒரே கவுன்ட்டர் உள்ள ரேஷன் கடையில் நாலு ஊழியர்களை உட்கார வைத்த மாதிரி. ஒரு பிராசசர், ஒரு கார்டு இருந்த சாதாரண இயந்திரங்களில் இந்தக் குறை வெளியே தெரியவே இல்லை.

திட்டித் தீர்த்தபின் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில் அந்தப் பெரிய பூட்டை உடைத்து, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிப் பூட்டு போட்டார்கள். எந்த இன்டரப்ட் எந்த பிராசசருக்குப் போகலாம் என்று நாமே எழுதும் 'எஸ்.எம்.பி. அஃபினிட்டி' கோப்பும் அந்த 2.4-ல் உண்டு. போன மாதம் நான் திருத்தியது அதைத்தான்.

சோதனை ஒருபக்கச் சார்பாக இருந்தது உண்மை. அது காட்டிய குறையும் உண்மை. நான் முதல் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் சர்வர் திணறினால், புது ரேம் வாங்கும் முன் இன்டரப்ட் பட்டியலை ஒருதரம் பார்த்துவிடுங்கள். எல்லாம் ஒரே கோரில் குவிந்திருந்தால் செலவே இல்லாமல் தீர்ந்துவிடும்.