துரும்பும் பூவும்: கருவிழிப்புண்ணின் வரலாறு குறித்து

"கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்னும் வழக்கு, கருவிழியில் புண் ஆறியபின் எஞ்சும் வெண்தழும்பைக் குறிக்கிறது. அம்பூரி, பாறசாலை எல்லைச் சிற்றூர்களின் தமிழில் நோய்ப்பெயர்களைத் தொகுத்துவரும் எனக்கு இவ்வழக்கு ஒரு வினாவை எழுப்பியது. தழும்புக்கு இத்துணை அழகிய பெயர் இருக்க, அதற்கு முந்தைய புண்ணுக்கு ஏன் தனிப்பெயர் இல்லை? 'உறுத்தல்', 'சிவப்பு', 'தூசி விழுந்தது' ஆகியவை கண்நோய் பலவற்றுக்கும் பொதுவானவை. (கலைச்சொல்லாக்கத்திலும் குழப்பம் உண்டு. ஒளி ஊடுருவும் நிறமற்ற படலத்தை ஒருசாரார் 'கருவிழி' என்கின்றனர். மறுசாரார் 'விழிவெண்படலம்' என்கின்றனர்.) சொல் இல்லாமையால் நோய் அறியப்படவில்லை என்று வாதிட நான் விரும்பவில்லை. அத்தகைய வாதங்களைக் கேட்டு மொழியியல் மாணவர்கள் சலித்துவிட்டார்கள். எனினும் தழும்பை மட்டும் கண்டு புண்ணைக் காணாமல் விட்டது ஊர்வழக்கு மட்டுமன்று. மருத்துவ வரலாறும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது.

சென்னையில் கண் மருத்துவமனை 1819-லேயே தோன்றிவிட்டது. எனினும் காலனியக் கண் மருத்துவத்தின் பேரார்வம் கண்புரை அறுவையில் குவிந்தது. விடுதலைக்குப்பின் 1963-இல் டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டமும் 1976-இல் தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டமும் வந்தன. பின்னதிலும் கண்புரையே முதலிடம் பெற்றது. கருவிழிப்புண்ணால் பார்வையிழந்தவர் பெரும்பாலும் ஒரு கண்ணை மட்டும் இழந்தவர். இரு கண்களையும் கணக்கிட்டுப் பார்வையின்மையை வரையறுக்கும் பதிவேடுகளில் அவருக்கு இடமில்லை.

இத்தனைக்கும் நோயின் வேர் 1879-லேயே வெளிப்பட்டிருந்தது. கோட்டிங்கன் நகரில் தியோடோர் லேபர் என்னும் மருத்துவர், கதிரடிக்கையில் ஓட்ஸ் உமி கண்ணில் பாய்ந்த ஓர் உழவரின் புண்ணில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையைக் கண்டறிந்தார். பூஞ்சைக் கருவிழிப்புண் பற்றிய முதல் பதிவே ஒரு களத்துமேட்டு விபத்து என்பது தற்செயல் அன்று என்றே கருதுகிறேன்.

தமிழ்நாட்டில் அவ்வுண்மையை எண்ணிக் காட்டியது மதுரை. 1993-இல் மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு இலட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப்புண் ஏற்பட்டதாக ஓர் ஆய்வு கணித்தது. இது அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் வட்டாரத்தில் கணிக்கப்பட்டதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 நோயாளிகளை மு. சீனிவாசன் குழுவினர் ஆராய்ந்தனர். அவர்களுள் 65 விழுக்காட்டினர் கண்ணில் காயம்பட்டவர்கள். கிருமி வளர்ச்சி உறுதியானவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழச் சம அளவில் இருந்தன. பூஞ்சைகளுள் ஃபுசேரியம் முதலிடம் பெற்றது. எல்லைக்கு அண்மையிலுள்ள திருநெல்வேலியில் பின்னர் 3,183 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பூஞ்சைப்புண் உற்றோரில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் காயம்பட்டவர்களாகவே இருந்தனர். நெற்சுணை, வைக்கோல், சுள்ளி, மண் ஆகியவற்றால் நேரும் காயம் இது.

இடர்க்காரணிகளைப் பட்டியலிடும் கட்டுரைகள் இத்துடன் நாட்டு வைத்தியத்தையும் சேர்ப்பது வழக்கம். தாய்ப்பால் பீச்சுதல், விளக்கெண்ணெய் விடுதல், நாவினால் துரும்பெடுத்தல் ஆகியவை கிருமியைச் சேர்க்கக்கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைத் தணித்துப் பூஞ்சையை வளர்க்கிறது. முன்னதை 'அறியாமை' என்றும் பின்னதை 'தவறான பயன்பாடு' என்றும் எழுதுவதில் உள்ள பாகுபாடு கவனத்துக்குரியது.

உண்மையில் தீர்மானிப்பது நேரம். நேபாளத்தின் பக்தபூரில் 34,902 பேரை ஈராண்டுகள் கண்காணித்த ஆய்வில், கருவிழியில் சிராய்ப்பு ஏற்பட்டவர்களுக்குக் குளோராம்ஃபெனிகால் களிம்பு மூன்று நாட்கள் இடப்பட்டது. 18 மணி நேரத்திற்குள் களிம்பு பெற்ற ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. தாமதித்தவர்களிடையேதான் புண் தோன்றியது. மதுரைச் சிற்றூர்களில் சுமார் 48,000 பேரிடையே நடந்த ஆய்வும் களிம்பின் பயனையே காட்டியது. மாறாக, நேபாளத்தில் ஊர்ப் பணியாளர்களைக்கொண்டு நடத்திய பெரும் சோதனையின் முடிவு 2022-இல் வெளிவந்தபோது, களிம்பு வழங்கிய ஊர்களுக்கும் வழங்காத ஊர்களுக்கும் வேறுபாடு இல்லை. இம்முடிவு முந்தையதைப் பொய்யாக்குகிறது என நான் கருதவில்லை. மருந்து வேலை செய்வது வேறு, அது உரிய நேரத்தில் கண்ணை அடைவது வேறு.

மதுரையின் நெல்வயலை அம்பூரியின் மலைச்சரிவில் அப்படியே பொருத்த இயலாது. இங்கே ரப்பரும் மரவள்ளியும் மிளகும் பயிராகின்றன. முதிர்ந்த ரப்பர் மரத்தின் மேற்பட்டையில் பால்வெட்டுபவர் அண்ணாந்து நிற்கிறார். சீவிய பட்டைத் துகள் முகத்தில் உதிர்கிறது. பால் நன்கு ஊறுவது விடியற்காலையில்தான். கூலியோ பெரும்பாலும் மரக்கணக்கில். இடையில் இறங்கி மருத்துவரிடம் செல்பவர் எஞ்சிய மரங்களின் கூலியை இழக்கிறார். ஆகவே கண்ணைக் கசக்கிக்கொண்டே வெட்டி முடிக்கிறார், பால் எடுக்கிறார், மாலையில் 'சரியாகிவிடும்' என்று படுக்கிறார். காலை 5 மணிக்குத் துகள் விழுந்திருந்தால், பக்தபூர் ஆய்வு காட்டிய 18 மணி நேரம் அன்றிரவு 11 மணியோடு முடிகிறது.