ஏரி நீரும் கம்பியில்லா மைக்கும்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவரிடையே 'பாடு' என்றொரு பழைய வழக்கம் உண்டு. ஏரியில் யார், எந்த இடத்தில், எப்போது வலை விடுவது என்பதை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. அதன் நுணுக்கங்களைப் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டால்தான் முழுதும் விளங்கும். அப்படி ஒரு முதியவர் படகில் அமர்ந்து, ஒவ்வோர் இடமாகக் கைகாட்டிச் சொல்லி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சட்டையில் கம்பியில்லா மைக். கரையில் ஏற்பியும் பதிவுக் கருவியும். பிறகு போட்டுக் கேட்டால், சரியாக ஓர் இடத்தின் பெயர் வரும்போது 'கர்ர்' என்ற இரைச்சல்! மறுபடி சொல்லச் சொல்லலாம். முதலில் சொன்னபடியே வருமா?

இந்த இரைச்சலுக்கும் அதை அடக்கும் வழிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924-இல் ஒலிபரப்பிய காலத்தில், அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்தே ஒலியை ஏற்றி அனுப்பினார்கள். மின்னல் வெட்டினாலும் அலையின் உயரம் மாறும். ஆகவே பாட்டோடு இடியும் வீட்டுக்குள் வந்தது. அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங், உயரத்துக்குப் பதிலாக அதிர்வெண்ணை மாற்றி ஒலியை அனுப்பும் தம் முறைக்கு 1933-இல் காப்புரிமை பெற்றார். உயரத்தில் ஏறும் கசடுகளை ஏற்பியிலேயே வெட்டிவிடலாம். இதுவே எஃப்.எம். இந்தியாவில் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23-இல் தொடங்கியது சென்னையில்தான்.

மேடை மைக்குகளும் எஃப்.எம். முறையைக் கைக்கொண்டன. ஷூர் நிறுவனம் 1953-இலேயே ஒரு கம்பியில்லா மைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எஃப்.எம்.முக்கும் ஒரு பலவீனம் உண்டு. வரும் அலை மிகவும் மெலிந்துவிட்டால் இரைச்சல் முழு வேகத்தில் பாய்ந்துவிடும்.

அலை ஏன் மெலிகிறது? நம் படகுக்கே வருவோம். மைக்கின் அலை நேராக ஒரு வழியிலும், ஏரி நீரில் பட்டுத் தெறித்து மறு வழியிலும் கரைக்கு வருகிறது. நீர்ப்பரப்பை ஒட்டிச் சாய்வாகப் படும் அலை, தெறிக்கும்போது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டுவிடும். இரண்டு வழிகளும் ஏறத்தாழச் சம நீளமாயிருந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். கரையில் ஏரியல் தாழ்வாக இருந்தால் நடப்பது இதுதான். பரப்பு அமைதியாக இருக்கும் நாளில்தான் இத்தொல்லை அதிகம் என்பது வேடிக்கை. ஏரியலை ஒரு மூங்கிலில் கட்டி உயர்த்தினால் இரு வழிகளின் நீளமும் வேறுபட்டு, ஒலி தெளியும்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து சிற்றலைச் செய்தி வாங்கியவர்களும் இதைப்போன்ற மங்கலால் அவதிப்பட்டவர்களே. அங்கே அலைகளைத் தெறிக்கவைத்தது வான்மண்டலம். ஓர் ஏரியலில் அலை மங்கும் அதே நொடியில், தள்ளி நிற்கும் மற்றோர் ஏரியலில் அது வலுவாக இருப்பதை ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியாளர்களான பெவரேஜும் பீட்டர்சனும் 1920-களில் கவனித்தார்கள். பல ஏரியல்களை நட்டு அவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். இன்று மைக் ஏற்பியின் முதுகில் இரண்டு ஏரியல்கள் நிற்பது அழகுக்காக அன்று! 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் அரை மீட்டர்தான். ஒரு சாண் தள்ளினாலே நிலைமை மாறிவிடும்.

பல மைக்குகளை ஒன்றாக வைக்கும்போது வேறொரு கணக்கு. 600.0, 600.4 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக்குகள் இயங்கினால், ஒன்றின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்த 599.6, 600.8 ஆகிய இடங்களில் போலி அலைகள் பிறக்கலாம். மூன்றாவது மைக்கை 600.8-இல் வைத்தவர் பாடு திண்டாட்டம்தான். சம இடைவெளி விட்டு அடுக்குவது பார்க்க ஒழுங்காயிருக்கும். இங்கே அதுதான் தவறு.

பதிவில் விழுந்த இரைச்சலை ஓரளவு குறைக்கலாம். வராமலே போன சொல்லை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. எனவே நானாக இருந்தால் முதியவரின் சட்டைப் பையில் சிறு பதிவுக் கருவி ஒன்றையும் தனியே ஓடவிடுவேன். இரண்டு பதிவுகளையும் பின்னர் பொருத்துவதற்கு, தொடக்கத்தில் அவரை ஒருமுறை கைதட்டச் சொன்னால் போதும்.