உஷாஹிதி

உஷாஹிதி: சுவாஹிலி மொழியில் சாட்சியம், ஆதாரம். 'ஷாஹித்' என்ற அரபுச் சொல் இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வழியே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையேறி 'ஷாஹிதி' ஆனது. நேரில் கண்டவர் என்று பொருள். முன்னே 'உ' சேர்ந்தால், அவர் சொல்லும் சாட்சியம். தமிழ் முஸ்லிம்கள் ஓதும் ஷஹாதா கலிமாவுக்கும் இதே வேர்தான்.

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் வன்முறை வெடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை போட்டது. எங்கே யார் அடிபடுகிறார்கள் என்பதே வெளியே தெரியாத நிலை. தாக்குதல் நடந்த இடங்களை வரைபடத்தில் குறிக்க யாராவது முன்வருவார்களா என்று வழக்கறிஞர் ஓரி ஒகொல்லோ 2008 ஜனவரித் தொடக்கத்தில் கேட்டார். எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச், டேவிட் கோபியா ஆகியோர் கைகோத்தனர். சில நாட்களிலேயே 'உஷாஹிதி' என்ற மென்பொருள் தயார். குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த எவரும் சாட்சி ஆகலாம். வந்த தகவலை முடிந்தவரை சரிபார்த்து, வரைபடத்தில் புள்ளியாக வைத்தார்கள். நீதிமன்றம் அழைக்கும்வரை காத்திராத சாட்சியம் இது. அதன் பெருமையே அதில்தான்.

2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் 4636 என்ற எண்ணுக்கு வந்த கிரியோல் மொழிச் செய்திகளை வெளிநாட்டு ஹெய்ட்டியர்கள் மொழிபெயர்க்க, அவற்றில் பல உஷாஹிதி வரைபடத்தில் ஏறின. அதே ஆண்டு கென்யாவின் அரசியலமைப்பு வாக்கெடுப்பைக் கண்காணிக்க இந்த மென்பொருளில் உருவான தளத்துக்கும் சுவாஹிலிப் பெயர்தான்: 'உச்சாகுசி', அதாவது தேர்தல்.